நடுவன் யார் பக்கம்?

வழக்குப் பேசும் பிரக்கிராசி தம்பிராஜா பத்திரிகைக் காரியாலயத்துக்குள் வந்தபோது தொப்பியைக் கழற்றவில்லை. நேரே ஆசிரியர் சுந்தரலிங்கத்தின் மேசைக்கு வந்து, சனிக்கிழமைப் பத்திரிகையை அதன்மேல் விரித்தார்.

"கோழிக்கு வரி போடப்போறன் எண்டு நான் எப்ப சொன்னனான்?" என்று கேட்டார்.

சுந்தரலிங்கம் வாயிலிருந்த வெற்றிலையை எந்தப் பக்கம் ஒதுக்குவதென்று தெரியாமல் விழித்தார்.

கண்டி நகரத்தின் கொழும்பு வீதியில், சாஹுல் ஹமீது முதலாளியின் புடைவைக் கடைக்குப் பின்னால் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. கலியாணக் கடிதம் அடிப்பதற்காக வாங்கிய இயந்திரம். கலியாணம் குறைந்த மாதங்களில் அது சும்மா கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் முதலாளி ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அதற்கு 'நடுவன்' என்று பெயர் வைத்தவர் சுந்தரலிங்கம். ஆசிரியர் அவர், நிருபர் அவர், பிழை திருத்துபவரும் அவரே. முதற் பக்கத்தில் பெயருக்குக் கீழே, 'எப்பக்கமும் சாயாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

சாயாமல் இருப்பது அந்த ஆண்டு லேசான காரியமாக இருக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு அது. ஆண், பெண், இருப்பவர், இல்லாதவர் என்ற பேதமில்லாமல் வாக்குரிமை கொடுத்து, அரசாங்க சபைக்கு முதல் தேர்தல் வைத்திருந்தார்கள். வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி. வாக்குச் சீட்டைப் பிடித்த நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். தம்பிராஜாவுக்குப் பச்சைப் பெட்டி. கலஹாவுக்கும் பேராதனைக்கும் இடையே பஸ் ஓட்டிய டிக்கிரி பண்டா முதலாளிக்குச் சிவப்புப் பெட்டி. மூன்றாவதாக ஒருவரும் நின்றார். ஓய்வுபெற்ற தபாலதிபர் வன்னிநாயக்க. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தேர்தலுக்கு இறங்கியவர். மிஞ்சிய கறுப்பு நிறத்தை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அவர் ஒரே ஒரு கூட்டம் போட்டார். அதற்கு அவரும், அவருடைய மைத்துனரும், மழைக்கு ஒதுங்கிய ஒரு மாடும் வந்ததாகக் கேள்வி.

ஹமீது முதலாளி தேர்தல் அறிவித்த அன்றே ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"கடைக்கு ரெண்டு பக்கத்து ஆளுகளும் வாறாங்க, எடிட்டர். பச்சைத் துணியும் விக்கணும், செவப்புத் துணியும் விக்கணும். பேப்பர் ஒரு பக்கம் சாஞ்சா அண்டைக்கே மெசினை நிப்பாட்டுவேன்."

இயந்திரம் நின்றால் சுந்தரலிங்கம் ஊருக்குப் போகவேண்டும். ஊர் என்றால் சுன்னாகத்தில் மாமனாரின் சுருட்டுக் கொட்டில். மாமனார் அவருக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, பலகையும் கத்தரிக்கோலும் எடுத்துவைத்து, கலியாண நாள் முதல் காத்துக்கொண்டிருந்தார். ஆகவே சுந்தரலிங்கம் தராசு முள்ளைப்போல நிமிர்ந்து நின்றார். தம்பிராஜா சுன்னாகத்தவர் என்பதும், தன் தமையனோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்பதும் தன் மனசுக்குள் மட்டும் இருக்கும் சங்கதி என்று நம்பினார். அவருடைய மனைவி சரோஜினிதேவி அதை நம்பவில்லை.

"நீங்கள் நடுவில நிக்கிறியள் எண்டு நீங்கள் மட்டுந்தான் நினைக்கிறியள்" என்று ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள். பிறகு ரசத்தை ஊற்றிவிட்டாள், பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

இப்போது அதே தம்பிராஜா தொப்பியோடு எதிரே நின்றார்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் கலஹாவுக்குக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். காரை விட்டு இறங்கியதும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கோழிகளைக் கூடையால் மூடியிருக்கிறார்கள். மூடாத ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டு, தன்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் அடையில் உட்கார்ந்திருக்கிறது, குஞ்சு பொரித்த பிறகு வரியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சியிருக்கிறாள். என்ன வரி என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரில் போட்டிருக்கிறது.

சுந்தரலிங்கம் தன் கட்டுரையை எழுத்தெழுத்தாக வாசித்தார். தம்பிராஜா கட்டுகஸ்தோட்டையில் செய்த பிரசங்கத்தைப் பற்றியது. கோழி எங்கேயும் இல்லை. வரி இருந்தது. 'அன்னாருடைய உரையின் ஒவ்வொரு வரியும் பொன்னெழுத்திற் பொறிக்கத்தக்கது' என்று எழுதியிருந்தார். அதை எழுதியபோது அது சாய்வாகத் தோன்றவில்லை. மேலும், கட்டுரைக்குக் கீழே இடம் மிஞ்சியதால் அச்சுக் கோர்க்கும் கறுப்பையா ஒரு கோழி மருந்து விளம்பரத்தைப் போட்டிருந்தார். விளம்பரத்தில் எழுத்தைவிடச் சேவல் பெரிது.

"ஒவ்வொரு வரி" என்று விரலை வைத்தார் சுந்தரலிங்கம். "கீழ கோழி. ரெண்டையும் சேர்த்து வாசிச்சுப் போட்டினம்."

சட்டம் படித்த தம்பிராஜாவுக்கு அந்த விளக்கம் பிடித்துவிட்டது. ஒரு சொல்லுக்கு இரண்டு கருத்து வந்தால் என்ன நடக்குமென்று கோட்டில் நாள்தோறும் பார்க்கிறவர் அவர். அடுத்த சனிக்கிழமை திருத்தம் வரவேண்டுமென்று சொல்லிவிட்டுத் தொப்பியோடு வந்தவர் தொப்பியோடு போனார்.

சுந்தரலிங்கம் திருத்தம் எழுத உட்கார்ந்தார். இரண்டு வாக்கியத்தில் முடிக்கலாம் என்றுதான் தொடங்கினார். ஆனால் வரி என்ற சொல்லுக்கு எத்தனை கருத்து என்று யோசிக்கத் தொடங்கியதும் கை நிற்கவில்லை. இறை என்றார், எழுத்தின் நிரை என்றார், புலியின் உடம்பில் இருப்பது என்றார். முடிவில், கோழிக்கும் பிரக்கிராசி அவர்களுக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை என்று அறிவித்தார். கட்டுரை முதற் பக்கம் முழுவதும் வந்தது. கறுப்பையா அதைத் தூக்கிப் பார்த்து, பொருள் கோழி என்று கண்டுகொண்டு, அதே சேவல் அச்சை எடுத்து, பக்கத்தின் மேலே வரிசையாக மூன்று தடவை அடித்தார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை தம்பிராஜா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கதிரையில் உட்கார்ந்தார்.

"வரி மூண்டு மடங்காம்" என்றார்.

கலஹாப் பக்கம் ஒரு கோழியும் உயிரோடு இல்லை என்று அவர் சொன்னார். வரி வருவதற்கு முன் தின்று தீர்த்துவிடலாம் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் குழம்பு கொதிக்கிறது. ஆட்கள் கொழுந்து மலையில் தூங்கி விழுகிறார்கள். தோட்டத்துத் துரை கோபத்தில் டாக்குத்தரைக் கூப்பிட்டிருக்கிறார். டாக்குத்தரை அங்கேயே சாப்பிட வைத்துவிட்டார்கள், அவரும் தூங்குகிறார். அடைக்கோழிக்காரி மட்டும் தம்பிராஜாவின் படத்தைக் கண்டால் அழுகிறாளாம்.

சுந்தரலிங்கம் மறுபடி பத்திரிகையை விரித்துப் பார்த்தார். சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தார். சம்பந்தம் என்ற சொல் இருந்தது, இல்லை என்ற சொல்லும் பக்கத்திலேயே இருந்தது. தன் நடை சாதாரண சனங்களுக்குக் கொஞ்சம் ஆழமாகிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தில் வருத்தத்தோடு ஒரு சிறு சந்தோஷமும் கலந்திருந்தது என்பதை மறைக்கக்கூடாது.

அந்த வாரமே டிக்கிரி பண்டா முதலாளி வந்தார். அவர் வந்த விதம்தான் சரியாக இருக்கவில்லை. பின்வாசலால் வராமல் கடை முன்வாசலால், சிவப்புக் கொடி கட்டிய பஸ்ஸில், ஒரு குலை வாழைப்பழமும் பனையோலையில் சுற்றிய கித்துள் வெல்லமும் எடுத்துக்கொண்டு வந்தார். புடைவை வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆசிரியரைக் கட்டிப்பிடித்து, தன் தகப்பன்கூடத் தனக்கு இவ்வளவு உதவி செய்ததில்லை என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னார்.

பஸ் போனதும் ஹமீது முதலாளி அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். பச்சைத் துணி வாங்க வந்த ஒருவர் வாங்காமலே போய்விட்டார் என்று சுட்டிக் காட்டினார்.

"எடிட்டர், நீங்க செவப்புப் பக்கம் சாஞ்சிட்டதாக் கண்டி முழுக்கப் பேச்சு. வாற கெழம இதைச் சரிக்கட்டுங்க. இல்லாட்டி மெசினை மூடி சாக்குப் போட்டுருவேன்."

சுந்தரலிங்கம் அன்று முழுவதும் டிக்கிரி பண்டாவின் குறைகளைத் தேடினார். பெரிதாகத் தேடவேண்டியிருக்கவில்லை. அவரே அந்த பஸ்ஸில் போயிருக்கிறார். நேரத்துக்கு வராது, வந்தால் நிற்காது, நின்றால் மறுபடி புறப்படாது. மழை பெய்தால் பஸ்ஸுக்குள்ளே குடை பிடிக்கவேண்டும். இருக்கையிலிருந்து எழும்பினால் கம்பியும் கூடவே எழும்பும். அத்தனையையும் எழுதினார். இந்த முறை ஆழமே இல்லாமல், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினார். வரி என்ற சொல் தவறியும் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். கட்டுரைக்குப் பொருத்தமாக ஒரு பஸ் படம் போடும்படி கறுப்பையாவிடம் கேட்டார். கறுப்பையா பழைய பெட்டியில் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சீமையிலிருந்து வந்த அச்சு. பஸ் நிறைய ஆண்களும் பெண்களும் சிரித்த முகத்தோடு சன்னலால் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். நம்முடைய பஸ்ஸில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. ஆனால் வேறு பஸ் கைவசம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு முன்னால் கலஹா பஸ் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய சனங்களைப் பார்த்தவர்கள், ஒரு பஸ்ஸுக்குள் ஒரு தோட்டத்தையே அடைக்கலாம் என்பதை அன்றுதான் கண்டார்கள். அடுத்த பஸ்ஸும் அப்படியே வந்தது. கூரையிலும் ஆட்கள். எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்து, சிரித்த முகத்தோடு, வழி நெடுகக் கையசைத்துக்கொண்டு வந்தார்கள். காசு கேட்ட கொண்டக்டரைப் பார்த்து, பண்டா முதலாளி பஸ்ஸில் இனிமேல் எல்லாருக்கும் சும்மா பயணம் என்று பேப்பரில் போட்டிருக்கிறதே, உங்களுக்குத் தெரியாதா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

டிக்கிரி பண்டா இந்த முறை பின்வாசலால் வந்தார். வாழைப்பழம் கொண்டுவரவில்லை.

சும்மா பயணம் இல்லை என்று சொன்னால் வாக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் பஸ் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திய மனிதனின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். சொன்னபடியே பார்த்தார். கூட வந்த கொண்டக்டரும் பார்த்தார்.

அந்தக் கொண்டக்டர் மூலமாகத்தான் சுந்தரலிங்கத்துக்கு முதன்முதல் ஒரு விஷயம் தெரியவந்தது. கலஹா கடைவீதியில் செல்லச்சாமி என்று ஒருவர் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாசிக் கருவாட்டுச் சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்து 'நடுவன்' பத்திரிகையை விரித்து உரத்த குரலில் வாசிப்பார். சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் வந்து கேட்கும். கேட்டவர்கள் பஸ்ஸில் ஏறி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவார்கள். செல்லச்சாமி வாசித்தால் பேப்பர் பேசுகிற மாதிரி இருக்கும் என்றார் கொண்டக்டர். கோபத்திலும் அந்த மரியாதை அவர் குரலில் இருந்தது.

சுந்தரலிங்கம் சந்தாக் கணக்கை நினைத்துப் பார்த்தார். கலஹாவுக்கு வாராவாரம் போவது ஒரே ஒரு பிரதி.

தன் எழுத்தின் ஒரே பிரதி ஒரு மலைநாட்டையே ஆட்டி வைக்கிறது என்று அறிந்த ஆசிரியர் எப்படி இருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. அன்று அவர் வீட்டுக்கு நடந்துபோனபோது குளத்தங்கரையில் இருந்தவர்களைக் கொஞ்சம் உயரத்திலிருந்து பார்த்தார். சரோஜினிதேவியிடம், தன் எழுத்தின் உள்ளர்த்தத்தைத் தோண்டியெடுக்கிற ஒரு ரசிகர் கலஹாவில் இருக்கிறார் என்று சொன்னார்.

"உள்ளுக்க இல்லாத அர்த்தத்தையும் எடுக்கிறார்போல" என்றாள் அவள்.

நேரில் போய் அந்த மனிதரைக் கண்டு, பொருளை உள்ளபடி வாசிக்கச் சொல்லிவிட்டு வரலாம் என்று அடுத்தநாள் சுந்தரலிங்கம் பேராதனைக்குப் போய் கலஹா பஸ்ஸில் கால் வைத்தார். கொண்டக்டர் அந்தக் காலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். மற்றவர்களுக்கெல்லாம் பஸ் சும்மா, உங்களுக்கு மட்டும் பஸ் இல்லை, இது முதலாளியின் உத்தரவு என்றார். பஸ் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது. கூரையில் இருந்தவர்கள் அவர் யாரென்று தெரியாமல் அவருக்கும் கையசைத்தார்கள்.

வாக்கெடுப்புக்கு முன்னால் இன்னும் ஒரே ஓர் இதழ்தான் இருந்தது. பச்சைக்காரருக்கும் கோபம், சிவப்புக்காரருக்கும் கோபம். ஹமீது முதலாளி இயந்திரத்தை மூடுவதற்குச் சாக்கு எடுத்து மடித்தே வைத்துவிட்டார். சுந்தரலிங்கத்தின் மூக்கில் சுருட்டு மணந்தது.

வழி சொன்னவள் சரோஜினிதேவிதான்.

"எலெக்சனைப் பற்றி ஒண்டும் எழுதாதேங்கோ. நாட்டில வேற சங்கதி இல்லையே? யானையைப் பற்றி எழுதுங்கோ. யானை ஒரு கட்சியிலயும் இல்லை."

அவர் யானையைப் பற்றி எழுதினார். பெரஹரா ஊர்வலத்துக்கு யானையை எப்படிப் பழக்குகிறார்கள், மாவலி ஆற்றில் எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள், நாள் ஒன்றுக்கு எவ்வளவு தென்னோலை தின்னும், யாரையெல்லாம் மறக்காது என்று எழுதினார். அச்சுக்குப் போகுமுன் அவர் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு தேடினார்கள். வரி இல்லை, கோழி இல்லை, பஸ் இல்லை. பச்சைத் தென்னோலை என்று ஓரிடத்தில் இருந்ததை சரோஜினிதேவி கண்டுபிடித்து, இளந்தென்னோலை என்று மாற்ற வைத்தாள். சிவந்த வாய் என்று இருந்ததை வெறும் வாய் ஆக்கினார்கள். அரசியல் என்று ஓர் எழுத்தும் இல்லாத பத்திரிகை ஒன்று இலங்கையில் தேர்தல் வாரத்தில் வெளிவந்தது என்றால் அது அதுதான்.

எழுத்து குறைந்ததால் பக்கம் காலியாகக் கிடந்தது. கறுப்பையா தன்னிடமிருந்த யானை அச்சை எடுத்து, மை தாராளமாகத் தடவி, அரைப்பக்கத்துக்கு அடித்தார். யானை கன்னங்கரேலென்று வந்தது. கை வைத்தவர் கையிலெல்லாம் ஒட்டியது.

வாக்கெடுப்பு நாள் அமைதியாகப் போயிற்று. சுந்தரலிங்கம் தன் சீட்டைப் பச்சைப் பெட்டியில் போட்டார். நடுநிலைமை பத்திரிகைக்குத்தானே தவிர பத்திரிகாசிரியருக்கு அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சரோஜினிதேவி தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். எதில் போட்டாய் என்று கேட்டதற்கு, நானும் நடுவன் என்றாள்.

முடிவு வெளியானபோது அரசாங்க அதிபரின் காரியாலயமான கச்சேரியின் வாசலில் நின்ற கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. கறுப்புப் பெட்டி வென்றிருந்தது. கொஞ்சநஞ்சமாக அல்ல. கலஹாப் பக்கப் பெட்டிகளில் பச்சையையும் சிவப்பையும் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கவேண்டியிருந்ததாம். கறுப்புப் பெட்டியை இரண்டு ஆள் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். தபாலதிபர் வன்னிநாயக்க மட்டும் ஆட்சேபம் தெரிவித்தார். எங்கேயோ பிழை நடந்திருக்கிறது, தயவுசெய்து மறுபடி எண்ணுங்கள் என்று அவரே மனுக் கொடுத்தார். மறுபடி எண்ணினார்கள். இன்னும் கொஞ்சம் கூடியது. மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

தம்பிராஜாவும் டிக்கிரி பண்டாவும் ஒரே காரில் பத்திரிகைக் காரியாலயத்துக்கு வந்து இறங்கினார்கள். தேர்தல் தொடங்கிய பிறகு அவர்கள் ஒரே வீதியில் நின்றதே அன்றுதான்.

"நீர் கறுப்புப் பக்கம் எண்டு முதலே சொல்லியிருக்கலாம்" என்றார் தம்பிராஜா. "நாங்கள் ரெண்டு பேரும் வீட்டில இருந்திருப்பம்."

யானையைப் பற்றி எழுதியதில் கறுப்புப் பெட்டிக்குப் போடச் சொல்லி இருந்ததாகக் கலஹாவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்கிறது என்றார். சுந்தரலிங்கம் கட்டுரையை எடுத்து வாசித்துக் காட்டினார். அவர்கள் கேட்டார்கள். நாள் ஒன்றுக்கு எவ்வளவு தென்னோலை என்ற இடம் வந்ததும் எழும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் போகும்போதே புதிய அரசாங்க சபை அங்கத்தவர் வன்னிநாயக்க ஒரு பூமாலையோடு உள்ளே வந்தார். கடைசி நேரத்தில் பத்திரிகை தனக்குச் செய்த பேருதவியை உயிருள்ளவரை மறக்கமாட்டேன் என்று சொல்லி, கண்ணீரோடு மாலையைப் போட்டார். முன்வாசலால்தான் வந்தார். கடை நிறையச் சனம்.

சுந்தரலிங்கம் மாலையோடு நின்றபடி சாக்கைப் பார்த்தார். முதலாளி எழும்பி வந்தார். வந்தவர் மாலையை நேராக்கிவிட்டார்.

"எடிட்டர், ஒரு பக்கமும் சாயாம ரெண்டு பேரையும் சாச்சிட்டீங்களே" என்றார். அவர் குரலில் இருந்தது பக்தி.

அன்றைக்கே திகனயிலிருந்து பாயிஸ் என்ற மரக்கடை முதலாளி விளம்பரத்தோடு வந்தார். நகரசபைத் தேர்தலுக்கு நிற்க நினைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கதிரையில் உட்கார்ந்து, தங்களைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் எழுதவேண்டாம், யானையைப் பற்றி எழுதினால் போதும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஹமீது முதலாளி புதிய இயந்திரத்துக்கு எழுதிப் போட்டார். பச்சைத் துணியும் சிவப்புத் துணியும் விற்றவர், கறுப்புத் துணி இவ்வளவு விற்கும் என்று நினைத்திருக்கவில்லை.

அதன் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எழுதுகிறவர் நம்மிடம் இருக்கிறார், சரி. ஒரே பிரதியை வைத்துக்கொண்டு இவ்வளவையும் சாதித்த அந்தக் கருவாட்டுக்காரர் நாளைக்கு வேறொரு பத்திரிகைக்குப் போய்விட்டால்? உடனே வாடகைக் கார் பிடித்தார். ஆசிரியரையும் ஏற்றிக்கொண்டு கலஹாவுக்குப் புறப்பட்டார்.

வளைவுக்கு வளைவு சுந்தரலிங்கம் பேசவேண்டியதை மனசுக்குள் தயாரித்துக்கொண்டு போனார். இத்தனை வருடம் எழுதியும் தன்னைச் சரியாகப் படித்தவர் ஒருவரே. தானே அறியாமல் தன் எழுத்துக்குள் ஒளிந்திருந்ததையெல்லாம் அந்த மனிதர் கண்டு சொல்லியிருக்கிறார். ஒருவேளை தான் உண்மையாகவே கறுப்புப் பக்கம்தானோ, தனக்குத்தான் தெரியவில்லையோ என்றுகூட நினைத்துப் பார்த்தார். தேயிலை மலைகளைப் பார்க்கையில் அந்த எண்ணம் அவ்வளவு பிழையாகத் தோன்றவில்லை.

செல்லச்சாமி கட்டை குட்டையான மனிதர். மீசை மட்டும் நெட்டை. அவருடைய மனைவி கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் செல்லச்சாமி மாசிச் சாக்கிலிருந்து இறங்கி, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்கய்யா, வாங்க" என்று இருவரையும் சாக்கின்மேல் உட்காரவைத்தார். கடைவீதியே கூடிவிட்டது.

சுந்தரலிங்கம் வழி முழுவதும் தயாரித்து வந்த பேச்சை மறந்துபோனார். மனசில் இருந்ததையே கேட்டார்.

"யானையைப் பற்றித்தானே நான் எழுதினனான். அதுக்குள்ள கறுப்புப் பெட்டி இருக்கெண்டு நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

செல்லச்சாமி வெட்கப்பட்டார்.

"என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க. நீங்க அவ்வளவு பெரிசா போட்டிருந்தீங்க. கண்ணு இருக்கிறவனுக்குத் தெரியாதுங்களா?"

சுந்தரலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது. திரும்பி முதலாளியைப் பார்த்தார். முதலாளியின் கண்ணும் அவ்வளவு காய்ந்திருக்கவில்லை. அவர் எழும்பி, கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். இன்றுமுதல் செல்லச்சாமி 'நடுவன்' பத்திரிகையின் உதவி ஆசிரியர். கண்டியில் மேசை, கதிரை, சுவரில் அலுமாரி எல்லாம் தயார். தலையங்கத்தை இனிமேல் இரண்டு பேரும் மாறி மாறி எழுதலாம். சொல்லிவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்த ஊற்றுப்பேனையை எடுத்து, செல்லச்சாமியின் கையில் மரியாதையாக வைத்தார்.

கூட்டம் கை தட்டியது. செல்லச்சாமி பேனையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

அவள் தராசைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தாள்.

"முதலாளி, தப்பா நினைக்காதீங்க. அவருக்கு எழுத்துன்னு ஒண்ணுகூடத் தெரியாதுங்க. கையில ஒரு பேப்பரு இருந்தாத்தான் அவருக்குப் பேச்சு வரும், அதுக்காகத்தான் வாங்குறோம்."